உஷார்! மாத்திரையை நிறுத்தியாச்சா… அடுத்து என்ன?

காலை ஏழு மணிக்கு மாடி வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் பின்னாலேயே ஒற்றை ஷூவோடு இறங்கி வந்தான். வேன் வரும் நேரம். அவள் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினாள். மருந்துக்கடையில் விற்கிற கர்ப்பப் பரிசோதனை அட்டை. இரண்டு கோடு.

"பாருங்கக்கா, இதுல அன்னிக்குப் பச்சைதான் காட்டுது" என்று போனை நீட்டினாள். ரோஸ் நிறத் திரை, ஓரத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள். அவள் விரல் வைத்த தேதியைச் சுற்றிப் பச்சை வட்டம். கீழே 'கர்ப்பமாகும் வாய்ப்பு குறைவு' என்று ஒரு வரி.

நாலு மாதம் முன்பு கருத்தடை மாத்திரையை நிறுத்தியவள் அவள். தலைவலி, குமட்டல், தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் அலுப்பு. போதாததற்கு 'ஹார்மோன் உடம்பையே கெடுத்துவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வீடியோ.

"சரி, நிறுத்தினே. அதுக்கப்புறம் என்ன பண்ணினே?"

"ஆப் இருக்கேன்னு விட்டுட்டேன்க்கா. நடுவுல அவரும் பார்த்துதான் நடந்துக்கிட்டார்."

இந்தப் 'பார்த்து நடந்துக்கிட்டார்' என்ற வார்த்தையை நான் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! அதனால்தான் இந்த உஷார்.

ஹார்மோன் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. சிலருக்கு டாக்டரே வேண்டாம் என்பார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வழக்கமான கருத்தடை மாத்திரையைத் தொடக்கூடாது. ஆனால் 'ஹார்மோன் வேண்டாம்' என்பது பாதி வாக்கியம்தான். 'அதற்குப் பதிலாக இன்னது' என்று முடித்தால்தான் முழு வாக்கியம். அந்தப் பின்பாதியை முடிக்காமல் விட்டவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஹார்மோன் இல்லாத ஒவ்வொரு முறைக்கும் ஒரு தேதிக் கணக்கு உண்டு. அதைத் தவறவிட்டால் முறை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நிறுத்திய மாதமே ஆபத்து

'மாத்திரை ரெண்டு வருஷம் சாப்பிட்டேன், உடம்பை விட்டு இறங்கவே ஆறு மாசம் ஆகும்' என்று பலர் நம்புகிறார்கள். தவறு. மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று வாரத்திலேயே சினைமுட்டை வெளிவரலாம். ஒரு தடவைகூட மாதவிலக்கு ஆகாமலே கரு நின்றுவிட இடமுண்டு. (மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியின் கதை வேறு. அதை நிறுத்தினால் கருத்தரிக்கத் தாமதமாகலாம். ஆனால் அந்தத் தாமதத்தையும் கருத்தடையாக நம்பக்கூடாது.)

இதைவிடப் பெரிய சிக்கல், நிறுத்திய முதல் சில மாதங்களில் மாதவிலக்கு முன்னே பின்னே ஆகும் என்பது. நாள் எண்ணும் முறை கொஞ்சமும் சரிப்படாத காலம் அதுதான். மாடி வீட்டுப் பெண் சரியாக அந்த மாதங்களில்தான் ஆப்பை நம்பினாள்.

இன்னொரு எச்சரிக்கை: பி.சி.ஓ.எஸ்., அதிக உதிரப்போக்கு, எண்டோமெட்ரியோசிஸ் ஆகியவற்றுக்கு மருந்தாக மாத்திரை எழுதிக்கொடுத்திருப்பார்கள். அப்படியானால் வீடியோ பார்த்து நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

பச்சை வட்டம் எங்கே சறுக்குகிறது?

ஆணின் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். சினைமுட்டையின் ஆயுளோ 12 முதல் 24 மணி நேரம். ஆகவே ஒரு மாதத்தில் கரு நிற்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அந்த ஆறு நாள் எந்த ஆறு நாள் என்பதில்தான் சிக்கல்.

பல ஆப்கள் நீங்கள் கொடுத்த பழைய தேதிகளைக் கூட்டி வகுத்து அடுத்த மாதத்தை ஊகிக்கின்றன. இந்த மாதம் காய்ச்சல் வந்ததோ, நைட் ஷிஃப்ட் மாறியதோ, வீட்டில் துக்கம் நடந்து நாலு நாள் தூங்காததோ அதற்குத் தெரியாது. உங்கள் சினைப்பைக்குத் தெரியும். முட்டை ஒரு வாரம் தள்ளி வரும். ஆப் பழைய தேதியிலேயே பச்சை காட்டும். அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கரு நிற்கும் நாட்கள் முழுவதும் வழக்கமாகச் சொல்லப்படும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கு மட்டுமே.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசி ஆறு மாதத்துச் சுழற்சிகளை எழுதிக்கொள்ளுங்கள். மிகக் குறைந்தது 26 நாள், மிக அதிகம் 33 நாள் என்று வையுங்கள். குறைந்ததில் 18ஐக் கழித்தால் 8. அதிகமானதில் 11ஐக் கழித்தால் 22. எட்டாம் நாள் தொடங்கி இருபத்திரண்டாம் நாள் வரை, மொத்தம் 15 நாள் விலகி இருக்க வேண்டும். பாக்கியில் முதல் ஐந்து நாள் மாதவிலக்கிலேயே போய்விடும். 'தலைக்குக் குளிச்சு மூணு நாள்தானே ஆச்சு, ஒண்ணும் ஆகாது' என்று நினைக்கிறீர்களே, அந்த எட்டாம் நாள் உஷார் பட்டியலில்தான் இருக்கிறது.

வெளிநாட்டு ஆப், காசு கட்டி வாங்கியது என்றால் மட்டும் நிம்மதியா? ஸ்வீடனில் தொடங்கிய 'நேச்சுரல் சைக்கிள்ஸ்' ஆப்பை எடுத்துக்கொள்வோம். சும்மா தேதி எண்ணுகிற ஆப் இல்லை அது. காலையில் எழுந்ததும் உடல் வெப்பத்தை அளந்து பதியச் சொல்லும். ஐரோப்பாவில் 2017லேயே கருத்தடைச் சாதனமாக அங்கீகாரம் பெற்றது. அப்படியும், 2017 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஸ்டாக்ஹோமின் சோடர்ஷூகுசெட் மருத்துவமனைக்குக் கருக்கலைப்புக்காக வந்த 668 பெண்களில் 37 பேர் இந்த ஆப்பை நம்பியிருந்தவர்கள் என்ற செய்தி 2018 ஜனவரியில் வெளியானது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விசாரித்தது. ஆப் பொய் சொல்லவில்லை. நிறுவனமே ஒப்புக்கொண்ட தோல்வி விகிதத்துக்குள்தான் இதுவும் வருகிறது என்று முடித்தது. அந்த விகிதம், நடைமுறையில் வருடத்துக்கு 100 பெண்களில் 7 பேர். அதே வருடம் பிரிட்டனின் விளம்பர ஒழுங்கு அமைப்பு, 'மிகத் துல்லியமானது' என்ற அதன் ஃபேஸ்புக் விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று தடுத்தது.

கவனியுங்கள். தினமும் வெப்பம் அளக்கிற ஆப்புக்கே 100க்கு 7. வெறும் தேதியை வைத்து ஊகிக்கிற ரோஸ் நிற ஆப்புக்கு?

முறையாகக் கற்றுக்கொண்டு, வெப்பமும் வெள்ளைப்போக்கின் தன்மையும் தினமும் குறித்து, சந்தேக நாளில் விலகியே இருக்கிற தம்பதிகளுக்கு இயற்கை முறை பலன் தருகிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கணவனின் கட்டுப்பாடும் சேர்ந்தே வேண்டும். 'பார்த்து நடந்துகொள்வது', அதாவது கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது, நடைமுறையில் வருடத்துக்கு 100 பேரில் 20 பேருக்குப் பொய்த்துப்போகிறது.

இதிலும் ஹார்மோன்தான், தெரியுமா?

ஹார்மோனுக்குப் பயந்து தினசரி மாத்திரையை விட்ட சிலர், மாதம் ஒருமுறை அவசரக் கருத்தடை மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். கூத்து என்னவென்றால், அதுதான் ஹார்மோனின் மூட்டை. அரசு தரும் மாலா-என் மாத்திரை ஒன்றில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம். அவசர மாத்திரையில் அதே மருந்து 1.5 மில்லிகிராம். பத்து மாத்திரை அளவை ஒரே வாயில் போடுகிறீர்கள். என்றோ ஒருநாள் ஆபத்துக்குப் பரவாயில்லை. மாதாமாதம் போடுவதற்கு அது முறையே இல்லை.

அதேபோல 'லூப் வைக்கலாம்' என்று டாக்டர் சொன்னால் "காப்பரா, ஹார்மோனா?" என்று கேளுங்கள். இரண்டும் 'டி' வடிவில்தான் இருக்கும். அரசு மருத்துவமனையின் அந்தரா ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கிற குச்சி, இரண்டும் ஹார்மோன். காப்பர்-டி, ஆணுறை, ஆண் பெண் இருவருக்குமான கருத்தடை ஆபரேஷன் ஆகியவற்றில் ஹார்மோன் இல்லை.

நடுவில் நிற்பது சாயா. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாத மாத்திரை. கடையில் சஹேலி என்ற பெயரில் கிடைப்பதும் இதுதான். 'ஹார்மோன் இல்லை, அதனால் ஒன்றும் செய்யாது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் இடத்தில்தான் இதுவும் போய் உட்காருகிறது. பி.சி.ஓ.எஸ்., சமீபத்தில் வந்த மஞ்சள்காமாலை, கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கு ஆகாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அந்த மாறுகிற மாதத்தில்தான் பலர் கிழமையைக் கோட்டை விடுகிறார்கள். ஒரு மாத்திரை தவறினால் உடனே போட்டுக்கொண்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். ஏழு நாளுக்கு மேல் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த மாத்திரையில் மாதவிலக்கு தள்ளிப்போவது சகஜம்தான். ஆனால் 15 நாளுக்கு மேல் தள்ளினால் பரிசோதித்துவிடுங்கள்.

காப்பர்-டி: கார்டு எங்கே?

ஹார்மோன் இல்லாத முறைகளில், வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால் அது காப்பர்-டிதான். தோல்வி வருடத்துக்கு 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. வயிற்றுக்குள் ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. கருப்பையில் துளை விழுவது அரிது, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்.

ஆனால் இதற்கும் தேதி இருக்கிறது. காப்பர்-டி 380ஏ பத்து வருடம். 375 ஐந்தே வருடம். எது வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாமல் இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டு, பத்து வருடம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு ஆடி மாதம் பீரோவை ஒழித்தபோது பட்டுப்புடவைக்கு அடியில், வைத்தபோது கொடுத்த மஞ்சள் கார்டு கிடைத்தது. 375. எடுக்க வேண்டிய தேதி போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒன்றும் ஆகாமல் தப்பித்தது என் சமர்த்து இல்லை, அதிர்ஷ்டம். இன்று என் கார்டு ரேஷன் கார்டு கவரில் இருக்கிறது.

மற்ற எச்சரிக்கைகளும் முக்கியம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. போடுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை பற்றிக் கேளுங்கள். மாதவிலக்கு முடிந்ததும் காப்பர்-டியின் நூல் கையில் தட்டுப்படுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். முதல் வருடத்தில், அதிலும் பிரசவமான கையோடு வைத்ததென்றால், தானாகக் கழன்று விழ வாய்ப்பு அதிகம். சில சமயம் பாத்ரூமில் விழுந்ததே தெரியாது. பிரசவ வார்டிலேயே வைத்துவிட்டார்களா என்பதை டிஸ்சார்ஜ் அட்டையில் படித்துப் பாருங்கள். ஆறாவது வாரம் காட்டச் சொன்னால் தவறாமல் போங்கள்.

எடுக்கப் போகும்போதும் கவனம் தேவை. அடுத்த குழந்தை வேண்டாம் என்றால், எடுப்பதற்கு முந்தைய ஏழு நாள் உறவு வேண்டாம், அல்லது ஆணுறை வேண்டும். உள்ளே காத்திருக்கும் விந்தணுவுக்குக் காப்பர் போனதும் வழி கிடைத்துவிடும்.

இதே காப்பர்-டி, ஹார்மோன் இல்லாத அவசரக் கருத்தடையும்கூட. பாதுகாப்பில்லாத உறவு நடந்து ஐந்து நாளுக்குள் வைத்துக்கொண்டால் கரு நிற்காமல் தடுப்பதில் மாத்திரையைவிட மேல். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தேங்காய் எண்ணெய் ஜாக்கிரதை!

ஆணுறை ஒழுங்காகப் பயன்பட்டால் 100க்கு 2தான் தோல்வி. நடைமுறையில் 13. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு அலமாரியிலிருந்து. தேங்காய் எண்ணெயோ வாசலினோ பட்டால் ரப்பர் உறை சில நிமிடத்திலேயே பலமிழக்கும். வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கிற சில மருந்துகளும் கிரீம்களும் இதே வேலையைச் செய்யும். வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லைப் பயன்படுத்துங்கள்.

பைக் ஓட்டுகிறவரின் பின்பாக்கெட் பர்ஸ், சித்திரை வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டு, இரண்டும் உறைக்கு எமன். உறையின் மேல் தேதியைப் பாருங்கள். பாக்கெட்டை அழுத்தினால் உள்ளே காற்று இருப்பது தெரிய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போடாதீர்கள், உராய்ந்து கிழியும். இங்கே சொன்ன முறைகளில் பால்வினை நோயையும் சேர்த்துத் தடுப்பது இது ஒன்றுதான். வேறு முறை இருந்தாலும் ஆணுறைக்கு வேலை உண்டு.

'பால் கொடுக்கிறேனே, ஒண்ணும் ஆகாது'

இது உண்மைதான், மூன்று நிபந்தனையோடு. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமலிருக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக்கூடாது. பகலில் நாலு மணி நேரம், ராத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. அன்னப்பிராசனம் செய்து முதல் வாய் சோறு ஊட்டுகிற நாள், உங்கள் கருத்தடை முடிகிற நாளும்தான்.

பிரசவமானவளுக்கு ஆமணக்கு முத்தை விழுங்கக் கொடுக்கும் கைவைத்தியம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடும் நஞ்சு இருக்கிறது. விதை மெல்லப்பட்டாலோ நொறுங்கினாலோ உயிருக்கே ஆபத்து.

ஐயா, உங்களுக்கும்தான்!

'இனி குழந்தை வேண்டாம்' என்று முடிவான வீட்டில் ஆபரேஷன் என்றதும் எல்லார் பார்வையும் மனைவி பக்கமே திரும்புகிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) இந்தியாவில் பெண் கருத்தடை 37.9 சதவீதம். ஆண் கருத்தடை 0.3. இத்தனைக்கும் ஆணுக்கான ஆபரேஷனான வாசக்டமிதான் சிறியது. கத்திக் கீறல் பெரிதாக இல்லை, தையல் இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை போகாது. அது கட்டுக்கதை.

இதிலும் ஒரு தேதி இருக்கிறது. வாசக்டமி செய்த அன்றே பலன் வராது. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும். அதன்பிறகு விந்துப் பரிசோதனையில் 'அணு இல்லை' என்று வந்தால்தான் கணக்கு முடிந்தது. இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிட்டு, மனைவிக்கு நாள் தள்ளிப்போனதும் அவளைச் சந்தேகப்பட்ட கணவன்மாரும் உண்டு. கொடுமை!

நாள் தள்ளிப்போனால்…

சாயா தவிர எந்த முறையில் இருந்தாலும் ஒரு வாரம் தள்ளினால் பரிசோதியுங்கள். காப்பர்-டியோ கருத்தடை ஆபரேஷனோ இருந்தும் இரண்டு கோடு வந்தால், அன்றே டாக்டரிடம் போங்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம். ஒரு பக்க அடிவயிற்று வலி, மயக்கம், தோள்பட்டை வலி சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைக்காதீர்கள். குழாயில் தங்கிய கருவை அந்த மாத்திரை கலைக்காது. குழாய் வெடிக்கும்வரை உங்களை ஏமாற்றும். கருத்தடை தோற்றுப்போனதால் உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு திருமணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமை உண்டு. பெயரை வெளியிடக்கூடாது என்பதும் சட்டம்தான். தமிழ்நாட்டில் சந்தேகம் கேட்க 104க்கு அழைக்கலாம்.

அன்று காலை மாடி வீட்டுப் பெண்ணோடு டாக்டரிடம் போனேன். அவளும் அவள் கணவரும் என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்கள் விஷயம். அதை நான் எழுதமாட்டேன். சில மாதம் கழித்து மறுபடியும் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. இந்தமுறை கையில் ஒரு கார்டு. 380ஏ.

"ஆப்பை அழிச்சிட்டியா?"

"இல்லக்கா. பீரியட்ஸ் தேதி குறிக்க மட்டும் வச்சிருக்கேன்."

"பத்து வருஷம். தேதியை எங்கே எழுதி வைக்கப் போறே?"

வாசலில் பையன் இரண்டு ஷூவும் போட்டு நின்றிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"இவன் பிளஸ் டூ எழுதுற வருஷம்க்கா. எந்த அம்மாவுக்கு அது மறக்கும்?"